நோகாமல் நுங்கு தின்பவர் யார்?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டு வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று போனையும், நான் எப்போது முடிப்பேன் என்று என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"உணவு, மளிகை டெலிவரி ஆப்களின் போட்டியால் பெரிதும் பயனடைவது வாடிக்கையாளரா, ரைடரா?" இதுதான் தலைப்பு. வாடிக்கையாளர்தான் என்று பேச வந்திருக்கிறேன். இந்தப் பக்கம் எனக்குக் கிடைத்தது என்றதும் ஒரு நண்பர், "நோகாமல் நுங்கு தின்கிறவருக்கு வக்காலத்தா?" என்றார். ஐயா, அவர் நுங்கு தின்கிறார் என்பதுதான் என் வாதமே! அது நியாயமா என்று இன்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வேறு மாதிரி பேசுவேன்.

எதிரணியில் முதலில் பேசிய அம்மா அழகாக ஒன்று சொன்னார். "முன்பு ஒரு முதலாளி, இப்போது நான்கு ஆப். ஒன்று காசைக் குறைத்தால் ரைடர் அடுத்ததற்குப் போய்விடலாம். போட்டி அவருக்குத்தான் பலம்" என்றார். காகிதத்தில் சரியாக இருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, போட்டியின் பலன், தாவ முடிந்தவருக்குத்தான் போய்ச் சேரும். யாரால் தாவ முடியும் என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் வாடிக்கையாளர். அவர் போனில் ஸ்விக்கி, சொமேட்டோ, பிளிங்கிட், ஜெப்டோ, பிக்பாஸ்கெட் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஒரே கடையின் ஒரே பிரியாணியை இரண்டு ஆப்பில் கூடையில் போட்டுப் பார்க்கிறார். ஒன்றில் கூப்பன் பெரியது, ஆனால் பேக்கிங் சார்ஜ் அதிகம். இன்னொன்றில் கூப்பன் இல்லை, டெலிவரி இலவசம். விவரம் தெரிந்தவர் கூப்பனைப் பார்க்க மாட்டார், கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்ப்பார். இன்னும் விவரமானவர் அந்தக் கடைக்கே போன் போட்டு, நேரில் வந்தால் என்ன விலை என்று கேட்பார். பல ஹோட்டல்களில் கடை விலை வேறு, ஆப் விலை வேறு. இத்தனையையும் அவர் சோபாவை விட்டு எழாமலே செய்கிறார். பிடிக்கவில்லையா? ஒரு ஆப்பை மூடி இன்னொன்றைத் திறக்கிறார். முடிந்தது.

அவரைப் பிடித்து வைக்கக் கம்பெனிகள் படும் பாட்டைப் பாருங்கள். ஸ்விக்கி 2014-ல் பெங்களூரில் தொடங்கியது. 2008-ல் மெனு கார்டுகளைக் காட்டும் தளமாகப் பிறந்த சொமேட்டோ 2015-ல் டெலிவரிக்கு வந்தது. நடுவில் ஃபுட்பாண்டா வந்தது, போனது. ஊபர் ஈட்ஸ் வந்தது, 2020 ஜனவரியில் அதன் இந்திய வியாபாரத்தைச் சொமேட்டோ வாங்கிக்கொண்டது. டன்ஸோ கடையை மூடியது. இத்தனை பேர் பணத்தைக் கொட்டிவிட்டுப் போனார்களே, அதில் வாடிக்கையாளர் தட்டில் ஒரு இட்லியாவது குறைந்ததா? யார் நஷ்டத்திலோ அவர் பாதி விலையில் சாப்பிட்டார். 2025 கடைசியில் ஜெப்டோ ஹேண்ட்லிங் கட்டணம், நெரிசல் நேரக் கட்டணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 99 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்றது. ஏன் என்கிறீர்கள்? பக்கத்து ஆப் பயம்.

உடனே எதிரணித் தம்பி எழுந்து, "பிளாட்பார்ம் கட்டணம் என்று ஒன்று வாங்குகிறார்களே, அது வாடிக்கையாளர் தலையில்தானே விழுகிறது?" என்பார். நியாயமான கேள்வி. 2023-ல் ஆர்டருக்கு இரண்டே ரூபாயாக வந்தது, 2025-ல் பத்தைத் தாண்டிவிட்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதைதான், மறுக்கவில்லை. டெலிவரிக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் சேர்ந்திருக்கிறது. ஆனால் தம்பி, அந்தக் கட்டணம் பில்லில் தனி வரியாகத் தெரிகிறது. கொடுக்க மனமில்லாவிட்டால் அவர் ஆர்டரை விட்டுவிட்டு வீட்டில் ரசம் வைத்துக்கொள்ளலாம். அவரிடம் 'வேண்டாம்' என்ற பட்டன் இருக்கிறது. அதோடு ஒன்று: வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பத்து ரூபாய் ரைடர் பைக்குப் போகும் பணம் இல்லை, கம்பெனிக்குப் போகும் பணம். அப்படியிருக்க, அதைச் சொல்லி ரைடருக்கு லாபம் என்று எப்படி வாதாடுவீர்கள்?

சரி, இப்போது ரைடர் பக்கம் வருவோம். எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ரைடரும் இரண்டு மூன்று ஆப்பில் ஐடி வாங்கி வைத்திருக்கலாம், பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் தாவும்போது என்ன ஆகிறது? இந்த ஆப்பில் இன்சென்டிவ் என்பது ஒரு நாளைக்கோ ஒரு வாரத்துக்கோ இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு என்று கட்டிய படிக்கட்டு. பாதிப் படியில் இறங்கி அடுத்த ஆப்புக்குப் போனால், ஏறிய படிக்குக் காசு இல்லை. நல்ல ஸ்லாட், அதாவது நிறைய ஆர்டர் வரும் வேலை நேரம், யாருக்கு முதலில் கிடைக்கும்? ஏற்கெனவே அதே ஆப்பில் நிறைய ஓட்டி மேல் மட்டத்துக்குப் போனவருக்கு. ஒரு ஆப்பில் இரண்டு வருஷம் உழைத்துச் சம்பாதித்த ரேட்டிங்கை இன்னொரு ஆப்புக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? முடியாது. அங்கே அவர் மறுபடி புதுப் பையன்தான், வயது 45 ஆனாலும்.

உணவு ஆப்பா, மளிகை ஆப்பா, எது நல்லது என்று ரைடர்களிடம் கேட்டால் டீக்கடையில் ஒரு தனிப் பட்டிமன்றமே நடக்கும். உணவு என்றால் தூரம் அதிகம், அதனால் ஆர்டருக்குக் காசும் கொஞ்சம் அதிகம். ஆனால் ஹோட்டல் வாசலில் பார்சல் கட்டும்வரை நிற்க வேண்டும். நிற்கும்போது மீட்டர் ஓடாது. வேளச்சேரியில் எடுத்து மேடவாக்கத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், வெறும் பையோடு வரும் தூரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பது ரைடர்களின் பழைய புகார். மளிகை ஆப் என்றால் டார்க் ஸ்டோர், அதாவது ஆன்லைன் ஆர்டருக்கென்றே இருக்கும் கிடங்கு, அதன் வாசலிலேயே நிற்கலாம், தூரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஆர்டருக்குக் காசு குறைவு, பாரம் அதிகம். பத்து கிலோ அரிசியும் எண்ணெயும் தூக்கிக்கொண்டு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. பிரியாணி தூக்கும் முதுகும் அரிசி மூட்டை தூக்கும் முதுகும் ஒன்றா, நீங்களே சொல்லுங்கள். ஆக, ரைடருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நிறைய இருக்கிறது. வாடிக்கையாளர் எது தனக்கு மலிவு என்று ஒப்பிடுகிறார். ரைடர் எது தன்னைக் குறைவாக வாட்டும் என்று ஒப்பிடுகிறார்.

எதிரணி அம்மா ஒரு கணக்கு வைத்தார். சொமேட்டோவின் தீபிந்தர் கோயல் 2026 ஜனவரியில் வெளியிட்டது. டிப்ஸ் நீங்கலாக ரைடரின் சராசரி வருமானம் மணிக்கு 2024-ல் 92 ரூபாய், 2025-ல் 102 ரூபாய். "பார்த்தீர்களா, போட்டியால் ஏறியிருக்கிறது" என்றார். கம்பெனி தானே சொன்ன கணக்கு, இருந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அதே அறிக்கையில் பெட்ரோலுக்கும் வண்டிப் பராமரிப்புக்கும் சுமார் 20 சதவீதம் கழியும் என்றும் இருக்கிறது. அந்த வரியை அம்மா வாசிக்கவில்லை, நேரம் போதாமல் இருந்திருக்கும். கழித்தால் கையில் நிற்பது மணிக்கு 80 ரூபாய் சொச்சம். சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற காலம் இது.

அதிலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது. 2025-ல் ஒரு ரைடர் சராசரியாக வேலை பார்த்தது 38 நாள். வருஷத்தில் 250 நாளுக்கு மேல் ஓட்டியவர்கள் 2.3 சதவீதம். "பார்ட் டைம்தானே, வேண்டும்போது வருகிறார்கள், வேண்டாதபோது போகிறார்கள், இதைவிடச் சுதந்திரம் உண்டா?" என்கிறது எதிரணி. கல்லூரி லீவில் கொஞ்ச நாள் ஓட்டிச் செமஸ்டர் ஃபீஸ் கட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது வரப்பிரசாதம், ஒப்புக்கொள்கிறேன். லைசென்ஸும் போனும் இருந்தால் வேலை என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் போட்டி போட்டுக்கொண்டு ரைடரைத் தாங்குகிறார்கள் என்றால், சராசரி ஆள் ஏன் 38 நாளோடு நிற்கிறார்? விருந்து நன்றாக இருந்தால் பந்தியில் பாதியில் எழுந்து போவார்களா?

இப்போது என் முக்கியமான சான்றுக்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி ரைடர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆர்டருக்கு 35 ரூபாயாக இருந்த அடிப்படைத் தொகையை 15 ஆக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. 2023 ஏப்ரலில் டெல்லிப் பக்கம் பிளிங்கிட் ரைடர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 25 ரூபாயை 15 ஆக்கிவிட்டார்கள் என்றார்கள். வேறு கம்பெனி, வேறு ஊர், வேறு வருஷம். ஒருவர் சாப்பாடு கொண்டுபோனவர், இன்னொருவர் சர்க்கரையும் சோப்பும் கொண்டுபோனவர். இறங்கி நின்ற இடம் மட்டும் ஒரே 15! வாடிக்கையாளருக்காகச் சண்டை போடும் கம்பெனிகள் ரைடர் விஷயத்தில் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள். இதைப் போட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து நிமிஷ டெலிவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போட்டி யாருக்காக வந்தது? கொத்தமல்லி வாங்க மறந்தவருக்காக. தாளிக்கும்போது ஞாபகம் வந்து ஆர்டர் போட்டால் குழம்பு கொதிப்பதற்குள் வந்துவிடுகிறது. சரி, அந்த வாக்குறுதி எப்படிக் கீழே வந்தது? எந்தக் கம்பெனியாவது "எங்களிடம் வாருங்கள், நாங்கள் நிதானமாக ஓட்டவிடுகிறோம்" என்று ரைடரைப் போட்டிக்கு அழைத்ததா? இல்லை. 2025 டிசம்பர் 25-லும் 31-லும் ரைடர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சர் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசினார். 2026 ஜனவரியில் பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து 'பத்து நிமிஷம்' என்பதை எடுத்தது. பிளிங்கிட் ரைடர் சராசரியாக ஓட்டும் 2 கிலோமீட்டருக்கு வேகம் மணிக்கு 15, 16 கிலோமீட்டர்தான் என்று கம்பெனி சொல்கிறது. இருக்கட்டும். சராசரி என்பது கத்திப்பாரா நெரிசலில் நின்றவரையும், அந்த நேரத்தை ஈடுகட்ட அடுத்த தெருவில் எதிர்த் திசையில் புகுந்தவரையும் கூட்டி வகுத்தது.

ரைடருக்கு இதுவரை கிடைத்த மற்ற நல்லவையும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ராஜஸ்தான் 2023-ல் நாட்டிலேயே முதலாவதாக ஆப் தொழிலாளர்களுக்கென்று சட்டம் போட்டது. தமிழ்நாடு அதே வருஷம் தனி நலவாரியம் அமைத்தது. 2025-ல் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தி.நகரிலும் ஏசி ஓய்வறை கட்டியது. கழிவறை, போன் சார்ஜ் போட வசதி எல்லாம் அதில் உண்டு. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை ரைடர் நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. எல்லாம் அரசாங்கமும் சங்கமும் கொடுத்தவை. ஆப்பும் ஆப்பும் மோதிக்கொண்டதில் உதிர்ந்தது ஒன்றாவது இருந்தால் காட்டுங்கள். வேகாத வெயிலில் ஒண்ட நிழல் கொடுக்கக்கூட மாநகராட்சி வர வேண்டியிருந்தது. கூப்பன் கொடுக்க எந்த மாநகராட்சியும் வரவில்லையே!

நாமக்கல் ஹோட்டல்காரர்கள் 2025 ஜூலையில் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டுக்கும் சேர்ந்தே சப்ளையை நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஊரில் கடை இருக்கிறது, நேரில் வருகிற ஆள் இருக்கிறார்கள், சங்கம் இருக்கிறது. முறுக்கிக்கொண்டு நிற்க முடிந்தது. வண்டிக்கு மாதாமாதம் டியூ கட்டும் ரைடர் எதன் மேல் நின்று முறுக்குவார்?

மணி அடித்துவிட்டார்கள், முடித்துவிடுகிறேன். எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணி அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. வாடிக்கையாளர் ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் செலவு பூஜ்யம். ரைடர் மாற என்ன செலவு என்று ரூபாயில் சொல்லட்டும். பாதியில் விட்ட இன்சென்டிவ், கைவிட்டுப் போன ஸ்லாட், முதலிலிருந்து தொடங்கும் ரேட்டிங், புது ஐடி வரும்வரை வண்டி சும்மா நிற்கும் நாள் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லட்டும். அந்தத் தொகையை விட அதிகமாகப் புது ஆப் அவருக்குத் தருகிறது என்று அண்ணன் காட்டிவிட்டால், தீர்ப்பை நடுவர் அவர்கள் தாராளமாக அந்தப் பக்கம் எழுதலாம். நன்றி, வணக்கம்.