மூடி எழுப்பும் சத்தம்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

ஒரு தண்ணீர்ப் போத்தலை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்துத் திறக்கிறேன். கொஞ்சம் காது கொடுங்கள்.

(போத்தல் திறக்கும் ஓசை)

டிக், டிக்டிக்டிக். இந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு பானத் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் சம்பளம் வாங்கினேன். தரச் சோதனைப் பிரிவு. பானத்தின் ருசி, இனிப்பு, வாயு எல்லாம் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். என் பொறுப்பு மூடி.

பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு வளையம் இருக்கிறது அல்லவா? மூடியையும் அந்த வளையத்தையும் நூல் நூலான பிளாஸ்டிக் இழைகள் பிடித்துக்கொண்டிருக்கும். வளையத்தின் உள்பக்கத்தில் குட்டிக் குட்டி மடல்கள் உண்டு. அவை போத்தல் கழுத்தில் இருக்கும் விளிம்புக்குக் கீழே போய் மாட்டிக்கொள்ளும். நாம் திருகும்போது மூடி மேலே ஏறுகிறது, வளையத்தால் ஏற முடிவதில்லை, நடுவில் உள்ள இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. டிக்டிக் என்று கேட்டது அதுதான். கடையில் வாங்கிய போத்தல் அந்தச் சத்தம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தால், குடிக்காதீர்கள். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, தயங்கவும் வேண்டியதில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். எல்லாரும் அவரைப் பாக்சிக், அதாவது மாமா என்றுதான் கூப்பிடுவோம். மூடி போடும் இயந்திரத்தில் பல தலைகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தலையிலிருந்தும் ஒரு போத்தலை எடுத்து, எவ்வளவு முறுக்கினால் திறக்கிறது என்று கருவியில் வைத்துப் பார்ப்போம். ஒரு நாள் இரவு வேலையில் கருவி காட்டிய எண் சரியாக இருந்தது, மூடியும் நேராக உட்கார்ந்திருந்தது. நான் தாளில் எண்ணைக் குறித்துவிட்டு அடுத்த போத்தலை எடுத்தேன். பாக்சிக் என் கையைப் பிடித்தார். ‘கேள்’ என்று மலாயில் ஒற்றைச் சொல். அதே தலையிலிருந்து வந்த இன்னொரு போத்தலை என் காதருகே திருகினார். சத்தமே இல்லை. அந்தத் தலை அளவுக்கு மீறி அழுத்தியதில், மூடி போடும்போதே இழைகள் அறுந்துவிட்டிருந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தலை வழியாக வந்த போத்தல்களை விடிய விடியப் பிரித்தெடுத்தோம். அன்றிலிருந்து எண்ணைக் குறிப்பதற்கு முன்னால் காதைத்தான் கொடுப்பேன்.

கண்ணாடிப் போத்தலின் தகர மூடிக்கு வேறு சத்தம். போத்தல் திறக்கும் சாவியை மாட்டி நெம்பினால் ‘ஸ்ஸ்’. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை வாங்கிய மூடி அது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. விளிம்பில் அவர் வைத்தது 24 பல், இன்றைக்கு 21. அடுத்த முறை காப்பிக்கடையில் உட்காரும்போது மேசையில் கிடக்கும் மூடியை எடுத்து விரல் நுனியால் எண்ணிப் பாருங்கள். அந்தப் பற்களை அழகுக்கு வைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இயந்திரத்துக்குள் போகும்போது மூடியின் அகலம் சுமார் 32 மில்லிமீட்டர். போத்தல் வாயில் அழுத்தியபின் 29க்கும் குறைவு. வட்டம் சுருங்கினால் மிச்சத் தகரம் எங்கே போகும்? சேலை கட்டும்போது மிச்சத் துணியைக் கொசுவமாக மடிக்கிறோமே, அதே வேலைதான். பல் என்பது தகரத்துக்கு வைத்த கொசுவம்.

சோதிக்க எங்களிடம் இரண்டு துளை போட்ட ஓர் இரும்புத் தகடு இருக்கும். அழுத்திய மூடி ஒரு துளைக்குள் நுழைய வேண்டும், மற்றதற்குள் நுழையக்கூடாது. இரண்டிலும் நுழையாவிட்டால் பிடி தளர்ச்சி, வாயு கசிந்துவிடும். இரண்டிலும் நுழைந்துவிட்டால் பிடி மிஞ்சிப்போயிற்று, திறக்கும்போது கண்ணாடி வாயில் சில்லு பெயரலாம். தகரத்தின் கனமோ கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

அந்தக் காலத்து மூடிக்குள் உண்மையான தக்கை வில்லை இருந்தது. இப்போது பிளாஸ்டிக் படலம். கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், வளர்ந்தவர்களுக்கு அந்தத் தக்கையை நகத்தால் நெம்பி எடுத்தது ஞாபகம் இருக்கும். மூடியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் ஆணியால் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து முறுக்கி இழுத்தால் ‘விர்ர்’ என்று சுற்றும். எதிராளியின் நூலை அறுப்பதுதான் ஆட்டம். விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். என் அண்ணன் கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஆசைப்படுகிறவர்கள் விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஊரில் கோலி சோடா குடித்தவர்களுக்கு இன்னொரு சத்தம் தெரியும். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களில் கொண்டுவந்த போத்தல் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். தனியாக மூடியே வேண்டாம். ஜப்பானியக் கடைகளில் ராமுனே என்று விற்பது அதன் உறவுக்காரன்.

சமையலறைக்கு வருகிறேன். ஊறுகாய், ஜாம் ஜாடிகளின் தகர மூடி நடுவில் தொப்புள் மாதிரி கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். உணவைச் சூடாக நிரப்பி மூடுகிறார்கள், ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராகிவிடுகிறது, காற்றழுத்தம் குறைகிறது, மூடி உள்ளே இழுபடுகிறது. முதல் தடவை திறக்கும்போது ‘டொக்’ என்று கேட்க வேண்டும். வாங்கும்போதே அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் வைத்துவிடுங்கள். காலி ஜாடியைக் கழுவி வீட்டு ஊறுகாய் போடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. நல்லதுதான். ஆனால் உப்பும் புளிப்பும் தகரத்தைத் தின்னும். உள்பூச்சில் கீறல் விழுந்த மூடியை மிளகாய்த்தூளுக்கு வைத்துக்கொண்டு, ஊறுகாய்க்குப் பிளாஸ்டிக் மூடி ஜாடியை எடுங்கள்.

தண்ணீர்ப் போத்தலை எறிவது பற்றியும் ஒரு சொல். போத்தல் பெட் பிளாஸ்டிக், மூடி பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இரண்டையும் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் போட்டால் போத்தல் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். மறுசுழற்சி ஆலையில் இரண்டையும் பிரிப்பதற்கு இந்தக் குணம்தான் கைகொடுக்கிறது. மூடியைத் தனியாக எறிந்தால், அளவில் சிறியது என்பதால் வழியிலேயே சல்லடையில் விழுந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 3 முதல், மூன்று லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பானப் போத்தல்களில் மூடி போத்தலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று சட்டம். இங்கேயும் போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு வைப்புத்தொகை வாங்கித் திருப்பித் தரும் திட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று அறிவித்தார்கள். மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடும்போது மூடியைப் போத்தலில் திருகியே போடுங்கள்.

கடைசியாக மருந்துப் போத்தல். கனடாவின் வின்ட்சர் நகரத்தில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், மாத்திரையை மிட்டாய் என்று விழுங்கிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து முனைந்ததில், 1967இல் அழுத்தித் திருகும் மூடி வந்தது. இன்று நம் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடிகள். அழுத்தாமல் திருகினால் வெளிமூடி மட்டும் ‘கடகட’ என்று சும்மா சுற்றும். அழுத்தினால்தான் உள்மூடியைப் பிடிக்கும்.

என் அம்மாவுக்கு 84 வயது, விரல் மூட்டெல்லாம் வீக்கம். திறக்க முடியாமல் மாத்திரை முழுவதையும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு மாற்றி வைத்திருந்தார். நான்கு வயதுப் பேத்தி எட்டுகிற தட்டில். பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. ஏசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, மேசைமேல வச்சு உள்ளங்கையால அழுத்துங்க, அழுத்தம் விடாம அப்படியே திருப்புங்க” என்றேன். வழுக்காமல் இருக்கப் போத்தலுக்கு அடியில் ஈரத் துணி. விரலுக்கு வேலையே இல்லை, கையின் பாரமே போதும். நாலைந்து தடவை கடகடவென்று சுற்றியது. “விடுடா, என்னால முடியாது” என்றார். மறுபடி வைத்தோம்.

இப்போது தினமும் காலையில் அடுப்படியிலிருந்து முதலில் ஒரு கடகட கேட்கும். பிறகு சத்தம் நின்றுவிடும். மூடி பிடித்துவிட்டது என்று எனக்குக் கூடத்திலிருந்தே தெரிந்துவிடும்.

வணக்கம்.