கண்ணைப் பொத்தாதீங்க

நடுவர் அவர்களே, ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட வந்துவிட்டு, பட்டிமன்றத்தையும் கேட்டுவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்திருக்கும் சேலத்து மக்களே, வணக்கம். குழந்தைகள் படத்தில் சாவும் அழுகையும் வேண்டுமா, வேண்டாமா? நான் 'வேண்டும்' கட்சி.

எதிரணி அண்ணன் நன்றாகத்தான் பேசினார். "பிள்ளையைச் சிரிக்க வைக்கத்தான் காசு கொடுத்துக் கூட்டிப்போகிறோம், அழ வைக்க வீட்டுப்பாடம் போதாதா" என்றதும் முன்வரிசைப் பொடிசுகள் கைதட்டியதை நானும் பார்த்தேன். சரி அண்ணே, நீங்கள் திட்டிய 'ஃபைண்டிங் நீமோ'வையே எடுத்துக்கொள்வோம். 2003இல் வந்த படம். ஆரம்பத்திலேயே அம்மா மீன் போய்விடுகிறது, கூடவே 400க்கு மேல் முட்டைகளும், மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அந்தக் காட்சியை வெட்டிவிட்டு மிச்சத்தை ஓட்டிப் பாருங்கள்: பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பின்னாலேயே வந்து அங்கே போகாதே, இதைத் தொடாதே என்று நச்சரிக்கிற ஒரு அப்பா மீன், அவ்வளவுதான், நமக்கே எரிச்சல் வரும். நச்சரிப்புக்கு அடியில் இருப்பது பயம் என்று என் 7 வயது மகளுக்குப் புரிந்ததே அந்தச் சாவைப் பார்த்ததால்தான். இத்தனைக்கும் நான் அவள் கண்ணைப் பொத்தினேன், அவள்தான் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் பார்த்தாள்.

அப்புறம் 2015இல் வந்த 'இன்சைட் அவுட்'. ஒரு சிறுமியின் மனசுக்குள் இருக்கிற மகிழ்ச்சி, சோகம் போன்ற உணர்ச்சிகளே ஆட்களாக நடமாடுகிற கார்ட்டூன் படம். தன் வண்டி பள்ளத்தில் போய்விட்டதே என்று அவளுடைய கற்பனைத் தோழன் பிங் பாங் உட்கார்ந்துவிடுகிறது. மகிழ்ச்சி கிச்சுகிச்சு மூட்டுகிறது, முகத்தைக் கோணிக் காட்டுகிறது, ஒன்றும் நடக்கவில்லை. சோகம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறது. பிங் பாங் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, தானே எழுந்து நடக்கிறது. துக்க வீட்டுக்குப் போனால் நாம் என்ன செய்வோம், ஜோக்கா சொல்வோம்? சும்மா பக்கத்தில்தானே உட்காருவோம்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கதைக்குத் தேவையே இல்லாமல் கடைசியில் நாய்க்குட்டியைச் சாகடித்து, வயலினை இழுத்துக் கண்ணீரைப் பிழிகிற படங்களும் உண்டு, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால் "நம் பண்பாட்டுக்கு இது ஆகாது" என்றாரே அண்ணன், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாபேட்டையில் கரண்ட் போய்த் தறிச் சத்தம் நின்ற ராத்திரிகளில் எங்கள் பாட்டி திண்ணையில் என்ன கதை சொன்னாள் தெரியுமா? நல்லதங்காள். பெற்றவளே 7 பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுகிற கதை! மூத்தவன் கெஞ்சுகிற இடம் வந்ததும் பாட்டி குரலை இறக்குவாள், நாங்கள் அவள் முந்தானைக்குள் புகுந்துகொண்டு "அப்புறம்?" என்போம். எந்தத் தணிக்கைச் சான்றிதழும் கிடையாது. மறுநாள் எழுந்து பல் தேய்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். அடுத்து அந்த அணியிலிருந்து பேச வரும் தங்கை முதலில் எங்கள் பாட்டிக்குப் பதில் சொல்லட்டும், மீனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.