ஒற்றை நத்தை போதும்

வணக்கம். நத்தையைப் பற்றி வானொலியில் பேசப்போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

குமரி மாவட்டத்தில் சுருளோட்டுப் பக்கம் புறப்பட்டு மணக்குடியில் கடலில் சேருகிற பழையாற்றில், தண்ணீர் முழங்காலளவு இருக்கும் இடத்தில் இறங்கினால் உள்ளங்காலில் திருகாணி மாதிரி ஒன்று குத்தும். எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், பழுப்பு ஓடு, அதில் செம்பொட்டுகள். புத்தகப் பெயர் மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா.

ஒருமுறை இதில் ஒன்றே ஒன்றை ஊறுகாய் பாட்டிலில் ஆற்று மணலோடு போட்டு ஜன்னலோரம் வைத்து மறந்துவிட்டேன். சில வாரம் கழித்துப் பார்த்தால், கண்ணாடி முழுக்கக் கடுகளவு குட்டிகள் ஊர்கின்றன! முட்டையும் இல்லை, ஆணும் இல்லை. இந்த இனத்தில் பெரும்பாலும் எல்லாமே பெண்தான், ஆண் சில இடங்களில் மட்டும் கொஞ்சம் உண்டு. தலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பையில் குட்டிகள் வளர்ந்து, ஓட்டோடேயே வெளியே வருகின்றன. நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பார்கள், இதற்குக் கழுத்திலேயே பிள்ளை பிறக்கிறது.

எல்லா நத்தையும் இப்படி இல்லை. வயலில் கிடக்கும் உருண்டை நத்தைக்கு ஆணும் பெண்ணும் வேண்டும், ஈரக்கரையில் முட்டையிடும், பாசனச் சானலில் தண்ணீர் நின்றுபோனால் மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் கிடக்கும். தட்டையாய்ச் சுருண்ட இன்னொன்று ஆணும் பெண்ணுமாய் ஒரே உடம்பு, வழவழப்பான பசைக்குள் முட்டையை வைத்து இலையடியில் ஒட்டிவிடும்.

சரி, ஓர் ஆற்றில் எத்தனை இருக்கும்? ஒவ்வொரு பக்கமும் கால் மீட்டர் உள்ள சதுரச் சட்டம் ஒன்றை மணலில் வைத்து, அதற்குள் இருக்கும் மணலைச் சல்லடையில் அரித்து எண்ணி, பதினாறால் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு. கேட்க எளிது! ஆனால் இந்தச் சட்டத்தில் கை நிறைய வரும், இரண்டடி தள்ளி வைத்தால் ஒன்றுகூட வராது, ஏனென்றால் இவை கும்பல் கும்பலாகத்தான் வாழும். அதனால் நாலைந்து சட்டத்தை வைத்துவிட்டுச் சராசரி சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஐப்பசி மழையில் வெள்ளம் வந்தால் மணலோடு ஏராளமானவை போய்விடும். கல்லின் மறைவில் ஒன்றிரண்டு தங்கினால் போதும், துணை தேடவேண்டியதில்லை, கூட்டம் மறுபடி பெருகிவிடும்.

அந்த பாட்டில் குட்டிகளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தாயை எடுத்த அதே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டேன். பக்கத்துக் குளத்தில் கொட்டியிருந்தால் அங்கேயும் ஒன்று போதுமே.