விடிவெள்ளியைப் பார்த்து விமானம் என்று நினைத்த விமானி! நடுவானில் 46 நொடி

வணக்கம் மக்களே. 2011 ஜனவரி. அட்லாண்டிக் கடலுக்கு மேலே 35,000 அடி உயரம். டொரன்டோவிலிருந்து ஜூரிச் போய்க்கொண்டிருக்கும் ஏர் கனடா விமானம். துணை விமானி தூக்கத்திலிருந்து கண் விழிக்கிறார். எதிரே பளிச்சென்று ஒரு வெளிச்சம். "விமானம் வருது!"

தலைப்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், அது என்ன வெளிச்சம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அடிபட்டது அந்த வெளிச்சத்தால் இல்லை. அதற்குள் போவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கள்ளைப் பற்றி இரண்டு நிமிடம். ஓட்டிவிடாதீர்கள், சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பஸ் போர்டு மலையாளம், வீட்டுப் பேச்சு தமிழ். கேரளக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு எங்கள் பக்கத்துத் தென்னையில் இறக்குவதுதான். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் கள் இறக்கவே தடை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தப் பக்கத்து பைக்குகள் இங்கே வரிசை கட்டும். திரும்பிப் போகும்போதுதான் சிக்கல். வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வழக்கு.

இப்போது 1997-க்கு வாருங்கள். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்று இரண்டு ஆய்வாளர்கள். 40 பேரைப் பிடித்து ஒரு முறை தூங்கவிடாமல் வைத்தார்கள். இன்னொரு முறை அதே ஆட்களுக்கு அரை மணிக்கு ஒரு தரம் குடிக்கக் கொடுத்தார்கள். (இந்த இரண்டாவது நாளுக்கு எங்கள் ஊரில் கேட்டிருந்தால் 400 பேர் வந்திருப்பார்கள்.) இரண்டு தடவையும் கண்ணும் கையும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு கம்ப்யூட்டர் வேலை. முடிவு? 17 மணி நேரம் கொட்டக் கொட்ட விழித்திருந்தவர், 50 மில்லிகிராம் ஏறியவர் அளவுக்குத் தடுமாறினார். 24 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 100. ஒரு சொட்டுக் குடிக்காமலேயே நம்மூர் வரம்பைப் போல மூன்று மடங்கு!

விமானி ஏறுவதற்கு முன் ஊத வேண்டும், நம் நாட்டில் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். தூக்கத்துக்கு அப்படி ஊதிப் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே பயமுறுத்துவது இதுதான்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு, இரவு 2 மணி முதல் 6 மணி வரை அது நம்மை அடியில் தள்ளிவிடும். பின்னணி அவ்வளவுதான், படம் போட்டு அறுக்க மாட்டேன்.

இனி எனக்குப் பிடித்த இடம். என் மாமா முப்பது வருஷம் தென்னை ஏறியவர். அலாரம் எல்லாம் கிடையாது, கிழக்கே வெள்ளி முளைத்திருந்தால் எழுந்துவிடுவார். எழுந்ததும் மரத்துக்குப் போக மாட்டார். திண்ணையில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து, ஒரு டம்ளர் வரக்காப்பியை ஊதி ஊதிக் குடிப்பார். சின்ன வயதில் அதைச் சோம்பல் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "எந்திரிச்ச உடனே ஏறுனா கை நம்ம பேச்சைக் கேக்காது கண்ணு" என்றார். விமானத் துறையில் இதற்கு ஸ்லீப் இனர்ஷியா என்று பெயர். கண் திறந்துவிடும், மூளை இன்னும் பாயிலேயே படுத்திருக்கும்.

விமானி அறையிலும் முறைவைத்துக் கண் அசரலாம், கனடாவில் அதற்கு அனுமதி உண்டு. அன்றைய விதிப்படி 40 நிமிடத்துக்கு மேல் கூடாது. எழுந்தபின் 15 நிமிடம் எந்த வேலையும் தரக்கூடாது. பாருங்கள், மாமாவின் அதே கால் மணி! அன்றைக்குத் துணை விமானி தூங்கியது 75 நிமிடம். டொரன்டோ நேரப்படி இரவு 2 மணி வாக்கில், கேப்டன் ரேடியோவில் பேசும் சத்தம் கேட்டு விழிக்கிறார். எதிரே 1,000 அடி கீழே ஓர் அமெரிக்க ராணுவ விமானம் வருகிறது என்று கேப்டன் சொல்கிறார். 1,000 அடி என்றால் பிரச்சினையே இல்லை. இவர் நிமிர்ந்து பார்க்கிறார், வெள்ளி ஜொலிக்கிறது. அதுதான் விமானம் என்று நினைக்கிறார். கேப்டன் "கீழே பார்" என்கிறார். கீழே பார்த்தால் நிஜமான விமானம். இவர் கண்ணுக்கு அது நேரே மோத வருகிற மாதிரி. கட்டுப்பாட்டுக் கம்பியை முன்னால் தள்ளி மூக்கைக் கவிழ்க்கிறார், அந்த விமானத்தை நோக்கியே!

கேப்டன் இழுத்துப் பிடிக்கிறார். 400 அடி கீழே போய், அப்புறம் பழைய உயரத்துக்கும் 400 அடி மேலே எகிறி, 46 நொடியில் எல்லாம் முடிந்தது. 16 பேருக்கு அடி. பெல்ட் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அடிபட்டவர்கள் போடவில்லை. அடுத்த முறை விளக்கு எரிந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருக்கிறது. 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர், விடிந்து சற்று நேரம். கேப்டன் குறட்டை விட்டுத் தூங்கியது குரல்பதிவிலேயே இருக்கிறது, சுமார் 1 மணி 40 நிமிடம். எழுந்தவர் அதிக உயரத்திலிருந்து இறக்கினார். துணை விமானி மறுபடி மேலே ஏறிவிடலாம் என்று ஒருமுறைக்கு மேல் சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை. மேசை போன்ற மலையுச்சி ஓடுதளம், தாண்டினால் பள்ளம். 158 பேர் இறந்தார்கள், பிழைத்தது 8 பேர். காசர்கோட்டுக்காரர்கள் நிறையப் பேர். விசாரணை அறிக்கை சொன்ன காரணங்களுக்கு நடுவே அந்தத் தூக்க மந்தமும் இருந்தது.

இந்தியாவில் இப்போது விதி இறுகியிருக்கிறது, விமானிகளுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் தொடர் ஓய்வு. 2025 டிசம்பரில் விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தானபோது பலரும் அந்த விதியைத் திட்டினார்கள். விதி வருவது 2024-லேயே தெரியும், ஆள் எடுக்காமல் இருந்தது யார் தப்பு? உங்கள் கருத்தைக் கமெண்டில் போடுங்கள். வளைகுடாவிலிருந்து ராத்திரி விமானத்தில் வந்து போகிற சொந்தக்காரர்களுக்கும் அனுப்புங்கள்.

இந்தக் கனடா கதையை மாமாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்தப் பையனுக்கு ஒரு டம்ளர் காப்பி குடுக்க அத்தாம்பெரிய வண்டியில ஆளில்லையா?"