காலை 6 மணி முதல் 12 மணி வரை: இன்று ஒரு வேளையை விடுகிறேன்

எல்லாருக்கும் வணக்கம். மணி காலை 6. ராயக்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து பேசுகிறேன். இந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட், ஓசூருக்குக் கம்பெனி பஸ் 12.45-க்குத்தான் வரும். அதுவரை வீட்டில்தான் இருப்பேன். மதியம் 12 மணி வரை தண்ணீரைத் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. விரதம் என்று நினைக்காதீர்கள். என் நீண்ட நேர இன்சுலின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை இது.

போன வாரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு தங்கச்சி கேட்டாள்: “அக்கா, சுகர் இருக்கிறவங்க ஒரு வேளைகூட விடக் கூடாதாமே, நீங்க எப்படி விடுறீங்க?” என்னைப் போலவே அவளுக்கும் டைப் 1 சுகர்தான், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. ஓசூர் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் மீட்டர். விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், ஓரத்தில் குத்துங்கள், வலி குறைவு. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும், ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் தப்பாக வரும். இதோ பாருங்கள், ஒரு கேழ்வரகு மணி அளவு துளி போதும். 112. சரி, சோதனையைத் தொடங்கலாம்.

நேற்று ராத்திரி 7.30-க்கே இரண்டு இட்லி சாப்பிட்டு, அதற்கான வேக இன்சுலினைப் போட்டுவிட்டேன். அது நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இப்போது உடம்பில் இருப்பது, தினமும் ராத்திரி ஒரு முறை போடுகிற கிளார்ஜின் மட்டும். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற இன்சுலின். நான் சாப்பிடாமல் இருக்கும்போது சுகர் அதிகம் ஏறாமல், அதிகம் இறங்காமல் நின்றால் அதன் அளவு சரி. 30 புள்ளிக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அளவை மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். 70-க்குக் கீழே போனால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டுச் சர்க்கரை சாப்பிட்டுவிடுவேன். காய்ச்சல் இருக்கும் நாளிலும், முந்தின நாள் உடம்பு அலுக்க வேலை செய்திருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்ய மாட்டேன்.

மணி 8. 131. கொஞ்சம் ஏறியிருக்கிறது, எதுவும் சாப்பிடாமலே. விடியற்காலையில் உடம்பு எழுந்துகொள்ளத் தயாராகும்போது ஈரல் தானே சர்க்கரையை ரத்தத்தில் விடும். நாம் பட்டினி கிடந்தாலும் ஈரல் அந்த வேலையை நிறுத்தாது. இதைத் தெரிந்துகொள்ளாததால் நான் ஒரு தடவை சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினேன்.

எனக்கு 13 வயதில் சுகர் வந்தது. 15 வயதில் ஒரு காய்ச்சல், இரண்டு நாள் வாந்தி. “புள்ள ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கலையே, ஊசி போட்டா சுகர் இறங்கிடுமே” என்று பயந்து வீட்டில் இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். பாசத்தில் செய்ததுதான். மூன்றாம் நாள் மூச்சு வேகமாக வாங்கியது, வாயில் அழுகின பழ வாசனை வந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். இன்சுலினே இல்லாததால் உடம்பு கொழுப்பைக் கரைத்து, ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறிவிட்டது. ஐசியுவில் நான்கு நாள் இருந்தேன். டைப் 1 இருக்கிறவர்கள் சாப்பாட்டை விடலாம், அடிப்படை இன்சுலினை, அதாவது சாப்பிடாவிட்டாலும் தேவைப்படுகிற நீண்ட நேர இன்சுலினை, விடக் கூடாது. காய்ச்சல் நாளில் அது இன்னும் கூடவே தேவைப்படலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அப்படியானால் “வேளை தவறக் கூடாது” என்று எல்லாரும் சொல்வது பொய்யா? இல்லை. யார் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

21 வயது வரை நான் 30/70 கலவை இன்சுலின்தான் போட்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதில் நூற்றுக்கு 70 பங்கு மெதுவான இன்சுலின், போட்ட நாலைந்து மணி நேரம் கழித்து வேகம் பிடிக்கும். காலை 7-க்குப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்கான இன்சுலினும் ஏற்கெனவே உடம்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பிட்டே ஆக வேண்டும். சித்தி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் பந்தி, அப்புறம் வெளியூர்க்காரர்கள், நாங்கள் பெண் வீடு என்பதால் கடைசி. மணி 2 தாண்டியது. பந்தியில் உட்கார்ந்திருக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்கிறேன். இலையில் அப்பளம் வைப்பது தெரிகிறது, ஆனால் அதன் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. ரவிக்கை முதுகில் ஒட்டும் அளவுக்கு வேர்வை. அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சமையல்கட்டிலிருந்து சர்க்கரை கரைத்த தண்ணீரை டம்ளரில் கொண்டுவந்து வாயில் ஊற்றினார். அதற்கப்புறம் குத்திப் பார்த்ததே 41. அன்றைக்கு அத்தை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இப்போதும் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டேன். 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பேன். சாக்லேட், பிஸ்கட் வேண்டாம். அதிலிருக்கிற கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்பா விஷயமும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு டைப் 2, உடம்பில் இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை. தக்காளி ஏற்றிக்கொண்டு 4 மணிக்கே மண்டிக்குப் போய்விடுவார். கிளம்பும்போதே மாத்திரை, அங்கே ஒரு டீ, ஏலம் முடிந்து டிபன் சாப்பிட 10 மணி ஆகிவிடும். இரண்டு மூன்று தடவை கை நடுங்கி, தக்காளிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். சீட்டை எடுத்துப் பார்த்தேன், கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது, கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். டாக்டரிடம் கேட்டு, முதல் டிபனோடு போடும்படி மாற்றிக்கொண்டார். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடம், “இதைப் போட்டுவிட்டு வேளை தவறினால் சுகர் ரொம்ப இறங்கி லோ ஆகுமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்வார்.

மணி 10. 124. இறங்கி நிற்கிறது. பசி இருக்கிறது, தலை தெளிவாக இருக்கிறது. லோ ஆகும்போது வருகிற பசி வேறு மாதிரி, அதில் ஒரு பதற்றம் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு வருடக்கணக்கில் ஆனது. ஆனாலும் மீட்டரைத்தான் நம்புவேன்.

நான் இப்போது செய்வதுபோல அடிப்படைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என்று பிரித்து, இன்சுலினைச் சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றுவது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் ட்யூசல்டார்ஃப் நகரத்தில் 5 நாள் பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை இங்கிலாந்தில் ‘டாஃப்னே’ என்ற பெயரில் செய்து பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். 6 மாதத்தில், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டுகிற HbA1c எண் ஏறக்குறைய 1 சதவீதப் புள்ளி இறங்கியது, அபாயமான லோ கூடவில்லை. இஷ்டப்பட்டதை இஷ்டப்பட்ட நேரத்தில் சாப்பிட முடிகிறது என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் என்ன என்று எனக்குத் தெரியும். ஷிப்ட் மாறுகிற ஒவ்வொரு வாரமும் அழுதவள் நான்.

மணி 12. 118. நான்கு எண்ணும் 30 புள்ளிக்குள் நிற்கின்றன. கிளார்ஜின் அளவை மாற்ற வேண்டியதில்லை.

இப்போது களி. 50 கிராம் அரிசி நொய்யை வேகவிட்டு, 200 கிராம் கேழ்வரகு மாவைக் குவித்துப் போட்டு, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி குத்தி, வெந்த பிறகு அம்மா கிண்டினார். தராசில் நிறுத்தது நான். களி சுகருக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நம் பக்கம் சொல்வார்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இந்த மாவில் 140, நொய்யில் 40, மொத்தம் 180. கையை நனைத்து நான்கு உருண்டை சமமாகப் பிடித்தால் ஒன்றுக்கு 45. எனக்கு ஒரு உருண்டை போதும், கூடக் கீரைக் கடைசல். மாம்பழ சீசன் வேறு. செந்தூராவில் 100 கிராம் நறுக்கினால் இன்னொரு 15. மொத்தம் 60. எனக்கு 12 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் வேக இன்சுலின் கணக்கு, அதனால் 5 யூனிட். இந்தக் கணக்கு எனக்கு மட்டும் பொருந்துவது. உங்களுடையதை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து, நாள் கணக்கில் எழுதி வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பேனாவில் 5 வைத்துவிட்டேன். வயிற்றில் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடுகிறேன். பத்து வரை எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துச் சாப்பாடு.

களி இன்னும் ஆவி பறக்கிறது. கீரையில் தொட்டு அப்படியே விழுங்குகிறேன். அம்மா, மாம்பழத் தட்டை இந்தப் பக்கம் தள்ளுங்கள். மீட்டரும் குளுக்கோஸும் பைக்குள் போயாகிவிட்டது. 2.30-க்குக் கம்பெனியில் குத்திப் பார்த்து, அந்த எண்ணையும் வீடியோ கடைசியில் போடுகிறேன்.