பிரஷர் ஸ்விட்ச்ல "நார்மல்"னா எப்போ நார்மல்?

வணக்கம். இருங்க, முதல்ல இதைக் கேளுங்க. டிக். கேட்டுச்சா? மறுபடியும், டிக். இன்னைக்குப் பேச்சு முழுக்க இந்தச் சத்தத்தைப் பத்தித்தான்.

கையில இருக்கறது பிரஷர் ஸ்விட்ச். கேஜ் மாதிரி இது அளவு காட்டாது. டிரான்ஸ்மிட்டர் மாதிரி 4-லேர்ந்து 20 மில்லியாம்பியர்னு சிக்னலும் அனுப்பாது. இதுக்குத் தெரிஞ்சது ஆமா, இல்ல, அவ்ளோதான். கவரைக் கழட்டிட்டேன், உள்ள பாருங்க. அடியில டயாஃப்ரம், அதை எதிர்த்து அழுத்தற ஸ்பிரிங், மேல ஒரு மைக்ரோ ஸ்விட்ச். பிரஷர் மேல தள்ளும், ஸ்பிரிங் விடாது. பிரஷர் ஜெயிக்கற நொடியில மைக்ரோ ஸ்விட்ச் புரளும். நாம செட்டிங்னு திருகறது அந்த ஸ்பிரிங்கைத்தான். பிரஷர் ரொம்ப அதிகமான இடத்துல டயாஃப்ரத்துக்குப் பதிலா பிஸ்டன் இருக்கும், மத்ததெல்லாம் இதே கதைதான்.

இப்போ ஹேண்ட் பம்ப்ல மாட்டியிருக்கேன், பக்கத்துல டிஜிட்டல் கேஜ், பிரஷரை 'பார்'ங்கற யூனிட்ல காட்டும். மல்டிமீட்டரை கன்டினியூட்டில, அதாவது சர்க்யூட் மூடியிருந்தா பீப் அடிக்கற மோடுல வெச்சு, ஒரு முனை ஸ்விட்சோட காமன்ல, இன்னொண்ணு என்.சி.ல, அதாவது நார்மலி குளோஸ்டு முனையில. பீப் வருது பாருங்க. அடிக்கறேன்... 5 பார்... 7... 7.8... டிக். பீப் நின்னுடுச்சு, கேஜ்ல 8.0. இதான் செட் பாயிண்ட். இப்போ மெதுவா இறக்கறேன். 7.9, திரும்பலை. 7, ஊஹூம். 6.5... 6.0, டிக், பீப் வந்துடுச்சு. இது ரீசெட் பாயிண்ட். நடுவுல இருக்கற 2 பார்தான் டெட்பேண்ட். டிஃபரன்ஷியல்னும் சொல்வாங்க, ஹிஸ்டெரிசிஸ்னும் சொல்வாங்க. ஆளுக்கொரு பேரு, பொருள் ஒண்ணுதான்.

"ஏன் சார், 8-ல புரண்டது 7.9-லயே திரும்பினா நல்லதுதானே?"னு நிறைய பேர் கேப்பீங்க. ஏர் கம்ப்ரஸரை நினைச்சுப் பாருங்க. 8-ல மோட்டார் நிக்குது. லைன்ல யாரோ கொஞ்சம் காத்து எடுத்ததும் 7.9. உடனே மோட்டார் ஸ்டார்ட், ரெண்டு செகண்ட்ல திரும்ப ஆஃப். நேரடி ஸ்டார்ட்டர்ல மோட்டார் கிளம்பும்போது ஓடற கரண்டை விட 5, 6 மடங்கு இழுக்கும். நிமிஷத்துக்குப் பத்து தடவை அப்படி இழுத்தா வைண்டிங் என்னாகும், மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்தற கான்டாக்டர் என்னாகும்? டெட்பேண்ட் மோட்டாருக்கு மூச்சு விட நேரம் குடுக்குது. அதே சமயம், ஒரு அலாரத்துக்கு 2 பார் டெட்பேண்ட் வெச்சா பிரஷர் சரியான பிறகும் அலாரம் கத்திக்கிட்டே இருக்கும். இடத்தைப் பார்த்து வைக்கணும். ஒண்ணு கவனிச்சுக்கோங்க: சில ஸ்விட்ச்ல டெட்பேண்டை மாத்தவே முடியாது, கம்பெனி வெச்சதுதான். வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க.

சரி, இப்போ நான் அவமானப்பட்ட கதை. வேலைக்குப் புதுசு. ஒரு மெஷின்ல லூப் ஆயில், அதாவது மசகு எண்ணெய், அதோட பிரஷர் குறைஞ்சா மெஷின் தானா நிக்கணும், டிரிப் ஆகணும்னு வயரிங் பண்ணச் சொன்னாங்க. நான் யோசிச்சேன்: மெஷின் நார்மலா ஓடும்போது சர்க்யூட் குளோஸ்ல இருக்கணும், அப்போ "நார்மலி குளோஸ்டு", என்.சி.தான். மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணா கிளம்புது, ஆயில் பிரஷர் ஏறினதும் டிரிப். மூணு தடவை. ஸ்விட்ச் போச்சுன்னு முடிவு பண்ணி புதுசு மாட்டினேன். அதுவும் டிரிப்! சீனியர் வந்து ஒண்ணும் பேசலை. பழைய ஸ்விட்சை என் கையில குடுத்து, "இதுல இப்போ எவ்ளோ பிரஷர் இருக்கு தம்பி?"னு கேட்டார். ஜீரோண்ணே. "இதான் அதுக்கு நார்மல்."

அவ்ளோதாங்க. என்.ஓ.ன்னா நார்மலி ஓபன். இந்த என்.ஓ., என்.சி.ல வர்ற "நார்மல்" பிளான்ட் ஓடற நார்மல் இல்ல. பிரஷரே இல்லாம, டப்பாவுல படுத்திருக்கற நார்மல். அப்போ ஆயில் டிரிப்புக்கு எது வேணும்? என்.ஓ. பிரஷர் நல்லா இருந்தா அது மூடி நிக்கும், குறைஞ்சா திறக்கும். நடுவுல வயர் அறுந்தாலும் திறந்த மாதிரிதான், மெஷின் நின்னுடும். அப்படி நிக்கறதுதான் நமக்குப் பாதுகாப்பு. ஆனா ஸ்டார்ட் பண்ணும்போது பிரஷர் ஜீரோதானே, கிளம்பவே விடாதேன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் கொஞ்ச நேரம் பைபாஸ் பண்ண ஒரு டைமர்.

நேம்பிளேட்டைக் கிட்ட காட்டறேன். ரேஞ்ச் 1 முதல் 10 பார். செட் பாயிண்ட்டை இந்த ரேஞ்சோட ரெண்டு ஓரத்துல வைக்காதீங்க, நடுவுல விழற மாதிரி ஸ்விட்சைத் தேர்ந்தெடுங்க. கீழ ப்ரூஃப் பிரஷர்னு ஒண்ணு இருக்கும். தப்பித்தவறி அதுவரைக்கும் ஏறினாலும் செட்டிங் கெடாது. பர்ஸ்ட் பிரஷர்னா ஸ்விட்சோட உடம்பே கிழியற அளவு. பம்ப் லைன்ல வால்வை டக்னு மூடினா ஒரு அடி வரும் பாருங்க, கேஜ் முள்ளு காட்டறதுக்குள்ள அது வந்துட்டுப் போயிடும். டயாஃப்ரம் வாங்கிக்கும். அந்த மாதிரி லைன்ல ஸ்விட்சுக்கு முன்னாடி, அந்த அடியைத் தணிக்கற ஒரு ஸ்னப்பர் போடுங்க.

கான்டாக்ட் பத்தி ஒரே வார்த்தை. பி.எல்.சி., அதாவது மெஷினை ஓட்டற கன்ட்ரோல் கம்ப்யூட்டர், அதோட இன்புட்டுக்கு 24 வோல்ட்ல சில மில்லியாம்பியர்தான் போகும், அதுக்கு தங்க முலாம் போட்ட கான்டாக்ட் கேளுங்க. வெள்ளி கான்டாக்ட்ல கறை படிஞ்சா அவ்ளோ சின்ன கரண்ட் தாண்டாது.

இன்னொரு தடவை ஏத்தி இறக்கிப் பார்க்கறேன். 8.0... இறங்குது... 6.0. மூணாவது தடவை, 8.1, 6.0. இவ்ளோ வித்தியாசம் இந்த வேலைக்குப் பரவாயில்ல. லாக் நட்டை இறுக்கிட்டு கவரை மூடிடறேன்.