உச்சம் வேறு, முடிவு வேறு

[திரையில்: பத்துமலைப் படிகள், மேலிருந்து கீழே பார்த்தபடி]

வணக்கம். சிறுகதையை எப்படி முடிப்பது என்று இன்று பார்ப்போம். ஒரு தைப்பூசக் காட்சியில் தொடங்கலாம். பத்துமலையில் 272 படி. காவடி எடுத்தவர் குகைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அலகு கழற்றியாச்சு, திருநீறு அப்பியாச்சு, பாலும் அபிஷேகத்துக்குப் போய்விட்டது. படம் பிடிக்க வந்தவர்களுக்கு அத்தோடு வேலை முடிந்தது. காவடிக்காரருக்கு முடியவில்லை. வந்த படியெல்லாம் இறங்க வேண்டும். விரதமும் இன்னும் பாக்கி. சில நாள் கழித்து இடும்பன் பூசை போட்ட பிறகுதான் விரதம் முடிந்தது என்று பல குடும்பங்களில் கணக்கு. பினாங்கிலும் பாருங்கள்: பூசத்துக்கு முதல் நாள் புறப்படும் வெள்ளி ரதம் தண்ணீர்மலையில் பூச நாளைக் கழித்துவிட்டு, அதற்கு அடுத்த இரவு பினாங்கு வீதியின் கோயில் வீட்டை நோக்கித் திரும்புகிறது. கூட்டம் குறைந்த அந்தத் திரும்பு பயணமும் திருவிழாதான்.

உச்சம் ஓர் இடத்தில், முடிவு இன்னோர் இடத்தில். சிறுகதை எழுத உட்காருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான். விபத்து நடந்ததும் கதையை நிறுத்திவிடுவார்கள். அல்லது ரகசியம் உடைந்ததும். படிப்பவருக்கு அதிர்ச்சி மட்டும் மிஞ்சும்.

[திரையில்: புகார் 10, மதுரை 13, வஞ்சி 7]

சிலப்பதிகாரத்தைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். மூன்று காண்டம், மொத்தம் 30 பகுதி. கோவலன் வெட்டுப்படுவது 16ஆவதில். கண்ணகி அரசனிடம் வழக்குரைப்பது 20ஆவதில். மதுரை எரிவது 22ஆவதில். இன்றைக்கு ஒருவர் எழுதினால் தீயோடு திரையை இறக்கிவிடுவார். இளங்கோ அதற்குப் பிறகும் 8 பகுதி எழுதியிருக்கிறார், ஏறக்குறைய கால் பங்கு. அந்த எட்டில் நான்கின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல். இவை இறந்த வீரனுக்குக் கல் நடும்போது செய்யும் சடங்கின் படிகள். தொல்காப்பியம் இதே வரிசையில் சொல்கிறது. கல்லைத் தேர்ந்து, எடுத்து, நீராட்டி, நட வேண்டும். சேர மன்னன் செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, வஞ்சிக்குக் கொண்டுவருகிறான். அடுத்த பகுதியின் பெயர் வாழ்த்து. எரிந்த ஊருக்கும் இறந்தவர்களுக்கும் பிறகு, மிஞ்சியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் அந்தக் காப்பியத்தின் முடிவு.

நம் வீடுகளிலும் சாவு ஒரே நாளில் முடிவதில்லை. எடுத்த நாள் ஒன்று. அஸ்தி எடுத்துக் கடலில் கரைப்பது ஒன்று. 16ஆம் நாள் காரியம் ஒன்று. நாள் கணக்கு குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆனால் ஒவ்வொரு படியிலும் கைக்கு ஒரு வேலை இருக்கும்: பால் தெளிக்க, பானை உடைக்க, படம் மாட்ட. துக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நடக்க வைப்பது அந்த வேலைதான்.

பேச்சிலும் இதைப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸில் யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்போம். வெறும் "போறேன்" சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் திருத்துவார்கள். விளக்கை 'அணை' என்று சொல்வதில்லை. அமர்த்து, குளிர வை, மலையேற்று. தாலிக் கயிறு இற்றுப்போனால் 'பெருகிப்போச்சு'. இதற்கு இலக்கணத்தில் பெயரே உண்டு, மங்கல வழக்கு. செத்தவரைத் துஞ்சினார் என்பதும் இதில்தான் சேரும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த வழக்கம் நின்றுபோகும்: சாவு வீட்டில் "வரேன்" சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். உங்கள் கதையில் சாவு வீட்டுக் காட்சி இருந்து, வந்தவர் "சரிங்க, வரேன்" என்று விடைபெற்றால், விவரம் தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆகவே உங்கள் கதையின் கடைசி ஓசை பெரும்பாலும் ஒரு வினைமுற்றின் வால்தான்.

[திரையில் ஒவ்வொன்றாக: போனான். போய்விட்டான். போயிருந்தான். போய்க்கொண்டிருந்தான்.]

நான்கும் ஒரே ஆள், ஒரே பயணம்தான். முடிவுதான் நான்கு. 'போனான்' வெறும் செய்தி. 'போய்விட்டான்' கதவைச் சாத்துகிறது. பார்த்துக்கொண்டிருப்பவரின் இழப்பும் அதில் கேட்கிறது. 'போயிருந்தான்' என்றால் தாமதமாக வந்த ஒருவர் அங்கே நிற்கிறார். கதை இப்போது அவருடையது. 'போய்க்கொண்டிருந்தான்' முதுகு தெரிகிற காட்சி. இந்தக் கடைசி வடிவம் போட்டிக் கதைகளில் தேய்ந்துபோய்விட்டது. எப்படி முடிப்பது என்று தெரியாதபோது எடுக்கிற முதல் சொல்லாகிவிட்டதால், நாங்கள் இதைத் தவிர்க்கச் சொல்வோம்.

கடைசி ஐந்து வாக்கியத்தின் இறுதிச் சொற்களை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். ஐந்தும் 'ஆன்' 'ஆன்' என்று விழுந்தால் ஒன்றைப் பேச்சாக மாற்றுங்கள், அல்லது பெயர்ச்சொல்லில் நிறுத்துங்கள். குறள் வெண்பாவின் ஈற்றடியில் மூன்றே சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். முதல் குறள் 'உலகு' என்று பெயரில் நிற்கிறது. அது பிறப்பு வாய்பாடு. 1,330ஆவது குறள் 'கூடி முயங்கப் பெறின்' என்று நிற்கிறது, மலர் வாய்பாடு. பெறின் என்றால் பெற்றால். அத்தனை பெரிய நூலின் கடைசிச் சொல் வினைமுற்றே இல்லை, 'அப்படி நடந்தால்' என்கிற எச்சம். ஓசை கச்சிதமாக மூடிவிட்டது, பொருள் காத்திருக்கிறது. இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

இப்போது ஒரு கதையைத் திருத்துவோம். ரப்பர் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். பால் மரம் வெட்டிய அப்பா செந்தூல் அடுக்குமாடிக்கு வருகிறார். பையில் ஒரு பழைய மங்கு, மரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம். இடிக்கும் காலைதான் உச்சம். அதற்குப் பிறகு 1,200 சொல் கதையில் 100 முதல் 150 சொல் ஒதுக்குங்கள். அதற்குக் குறைந்தால் மூச்சு முட்டும். மிகுந்தால் இரண்டாவது கதை தொடங்கிவிடும்.

[திரையில்: அப்பா மங்கைத் துடைத்தார். பால்கனிக் கம்பியோரம் கவிழ்த்து வைத்தார். மகனின் கண்கள் கலங்கின. அப்பாவின் வாழ்க்கையே அந்த மங்கில்தான் இருந்தது என்பதை அவன் அன்றுதான் உணர்ந்தான்.]

கடைசி இரண்டு வாக்கியத்தையும் வெட்டுங்கள். வாசகர் அழ வேண்டிய இடத்தில் மகன் அழுகிறான், வாசகர் உணர வேண்டியதை எழுதியவர் எடுத்துச் சொல்லிவிடுகிறார். ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. நகரத்துப் பிள்ளைக்கு மங்கை ஏன் கவிழ்க்கிறார் என்று தெரியாது. ஆகவே கதையின் நடுவில், தோட்டத்துக் காட்சியில், ஒரு வரி ஊன்றுங்கள்: மழை இருட்டினால் மங்கைக் கவிழ்க்க வேண்டும், தண்ணீர் விழுந்தால் பால் கெட்டுப்போகும். அதைப் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள், விளக்க வேண்டாம். முடிவுக்கும் அந்த வரிக்கும் இடையே குறைந்தது இரண்டு பக்கம் இருக்கட்டும். பக்கத்திலேயே வைத்தால் புதிர் போட்டு விடை சொன்னது போலாகிவிடும்.

பிறகு இறுதிச் சொல். அப்பாவின் வாயிலிருந்து ஒரே வினைமுற்று போதும்.

[திரையில்:
அப்பா மங்கைத் துடைத்தார். பால்கனிக் கம்பியோரம் கவிழ்த்து வைத்தார்.
"மழை ஒன்னும் இல்லையேப்பா?"
"வரும்."]